கலிங்கத்தில் சாக ஆள் தேவை

அசோகர் என்ன செய்தார் என்று சேர்வராயன் மலையில் யாரை நிறுத்திக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: "மரம் நட்டாருங்க." ஒண்டிக்கடை நிறுத்தத்தில் பஸ்ஸுக்கு நிற்பவர் சொல்வார், பழக்கடைக்காரர் சொல்வார், காப்பிப் பழம் பறித்துக்கொண்டே பெண்கள் சொல்வார்கள். அதில் பாதிப்பேர் என்னிடம் படித்தவர்கள். அதனால் அவமானம் எனக்குத்தான்.

ஏற்காட்டில் ஒரு மிஷன் பள்ளியில் நான் சமூக அறிவியல் டீச்சர். தொண்டைத் தண்ணீர் வற்ற வற்ற அசோகரை நடத்தியிருக்கிறேன். தாத்தா சந்திரகுப்தர், அப்பா பிந்துசாரர். இளவரசராக உஜ்ஜயினியை ஆண்டது. பட்டத்துக்காகக் கூடப்பிறந்தவர்களைத் தீர்த்துக்கட்டியதாக வழங்கும் கதை. பட்டத்துக்கு வந்து எட்டு வருடம் கழித்துக் கலிங்கப் போர். பிணக் குவியலைப் பார்த்து மனம் உடைந்தது. பிறகு தர்மம், பாறைகளில் கல்வெட்டு, மகனையும் மகளையும் இலங்கைக்கு அனுப்பியது, ஆடு மாடுகளுக்குக்கூட வைத்தியம். இவ்வளவையும் கரைத்துப் புகட்டிவிட்டு மறுநாள் கேள்வி கேட்டால், மரம் நட்டாருங்க டீச்சர். போகட்டும், மர நிழலில்தான் இங்கே காப்பியே வளர்கிறது. மற்றதெல்லாம் இவர்களுக்கு எதற்கு என்று நானும் விட்டுவிட்டேன்.

அந்த அசோகர் எங்கள் ஊர் தலைச்சோலைக்குப் பொங்கல் நாடகமாக வந்ததற்குக் காரணம் பக்தி. ஒரு வருடம் முருகன் நாடகம் போட்டார்கள், சர்ச்சுக்குப் போகும் எங்கள் ஆட்கள் முகத்தைத் தூக்கிக்கொண்டார்கள். அடுத்த வருடம் தாவீது, கோலியாத்து என்று போட்டதும் கோயில்காரர்கள் பாதியில் எழுந்து போனார்கள். மூன்றாவது வருடம் விழாக் கமிட்டித் தலைவர் என் வீட்டுக்கு வந்தார். பிக்கப் வண்டி ஓட்டுகிற மனிதர், ஒரு சண்டையும் ஆகாது அவருக்கு.

"டீச்சர், ரெண்டு பக்கத்துக்கும் சம்பந்தமில்லாத ராஜா ஒருத்தரு வேணுமுங்க. நம்ம சாமியும் கும்பிடக் கூடாது, உங்க சாமியும் கும்பிடக் கூடாது."

அப்படி ஒரே ஆள்தான் எனக்குத் தெரிந்து இருந்தார். அசோகர் என்றேன்.

"மரம் நட்டாரே, அவருங்களா? நொம்ப நல்லவருங்க. எழுதிக் குடுத்துருங்க" என்று எழுந்துவிட்டார்.

அசோகராக நடிக்க வேறு யாரையும் யோசிக்கவே இல்லை. என் கணவர் இங்கே ஓர் எஸ்டேட்டில் ரைட்டர். ஆட்களுக்கு வேலை பிரித்துவிட்டு, பறித்த பழத்தை எடைபோட்டுக் குறித்துக்கொள்ளும் உத்தியோகம். இந்தச் சரிவில் நின்று கத்தினால் எதிர்ச்சரிவில் நிற்பவர் திடுக்கிட்டுக் கூடையைக் கீழே போடுவார், அப்படிக் குரல். மீசையும் இருக்கிறது. தன்னைக் கேட்பார்கள் என்று அவருக்கு முதலிலேயே தெரியும். ஆனாலும், "என்னையுங்களா? எனக்கு எங்கீங்க நேரம்?" என்று கண்ணாடி முன்னால் நின்றபடியே பிகு பண்ணினார்.

இந்த இடத்தில் எங்கள் வீட்டுச் சங்கதியைச் சொல்லியாக வேண்டும். வெட்கக்கேடுதான், ஆனாலும் ஊருக்கே தெரிந்த வெட்கக்கேடு.

எங்கள் வீட்டை ஒட்டிக் கொஞ்சம் காப்பித் தோட்டம். அதற்கு அடுத்தது என் கணவருடைய அக்காவின் வீடும் தோட்டமும். மாமனார் பிரித்துக் கொடுத்தது, நடுவில் ஒரு வேலி. வேலிக்கு எங்கள் பக்கம் ஒரு சில்வர் ஓக் மரம். அது என் கணவர் நட்டது. அந்த மரத்தில் ஏறிப் படர்ந்திருந்தது ஒரு மிளகுக்கொடி. அதன் வேர் வேலிக்கு அந்தப் பக்கம், அது நாத்தனார் வைத்தது. இந்த மலையில் மரம் ஒருவருடையதாகவும் கொடி ஒருவருடையதாகவும் இருப்பது சகஜம். சேர்ந்து பறித்து, ஒரே களத்தில் காயப்போட்டு, ஆளுக்குக் கொஞ்சம் அள்ளிக்கொண்டு போவார்கள். இவர்களும் வருடா வருடம் அப்படித்தான் செய்துகொண்டிருந்தார்கள்.

ஒரு தை மாதம் நாத்தனார் கண் ஆஸ்பத்திரிக்கு சேலம் போயிருந்த அன்று என் கணவர் ஏணியைச் சாத்தித் தனியாகப் பறித்துவிட்டார். மழை வருகிற மாதிரி இருந்ததாம். வானம் பளிச்சென்று இருந்தது, நான் பார்த்தேன். நாத்தனார் திரும்பி வந்து வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "என்னோட கொடிடா அது" என்றார். இவர், "என்னோட மரம். மரம் இல்லீன்னா உங் கொடி தரையிலதான் கெடக்கோணும்" என்றார். "கொடி இல்லீன்னா உம் மரம் வெறும் வெறகு" என்றார் அவர். அதுவரைக்கும் கூடச் சரி. இவர் உள்ளே போய்க் கத்தியை எடுத்து வந்து, வேலிக்கு மேல் குனிந்து, கொடியை அடியோடு ஒரே வெட்டாக வெட்டிவிட்டார்.

வெட்டிய நிமிடமே அவருக்கு முகம் செத்துவிட்டது. அன்று சாப்பிடவில்லை. கொடி மரத்தின்மேலேயே காய்ந்து, சருகாகி, கொட்டியது. அன்றிலிருந்து மூன்று வருடம் அக்காவும் தம்பியும் பேசவில்லை.

பேசவில்லை என்றால் சும்மா இருந்தார்கள் என்று அர்த்தமில்லை. நாத்தனார் தன் சேவலிடம் பேசுவார்: "ஏண்டா, உன்ற கொண்டையப் பாத்தா எனக்கு ஒருத்தன் நெனப்புத்தான் வருது." இவர் எங்கள் நாயிடம், "ஊட்டுக்குள்ள வாடா, காத்து அந்தப் பக்கமிருந்து வருது" என்பார். அந்த நாய்க்கும் சேவலுக்கும் ஒன்றோடொன்று எந்த வருத்தமும் கிடையாது. இரண்டும் வேலி ஓட்டையில் ஒன்றாகத்தான் படுத்திருக்கும்.

சிரித்துவிட்டுப் போயிருக்கலாம், எங்கள் மகள் மட்டும் இல்லாவிட்டால். நான் காலை முதல் பஸ்ஸுக்கு ஓடிய காலத்தில் அவளைக் குளிப்பாட்டி, ஊட்டி, தலைவாரி வளர்த்தது என் நாத்தனார்தான். கணவரை இழந்தவர், பிள்ளை கிடையாது. என் மகளுக்கு முதலில் வந்த வார்த்தை அத்தை. அம்மா அப்புறம்தான் வந்தது. எனக்கு அதில் கொஞ்சம் எரிச்சல்கூட உண்டு. இப்போது அவள் கோயம்புத்தூரில் நர்ஸ். ஈஸ்டர் முடிந்ததும் கல்யாணம் என்று நிச்சயமாகியிருந்தது. அவள் போனில் ஒரே வார்த்தையாகச் சொல்லிவிட்டாள்: "அத்தை முன்னால நிக்காம நான் சர்ச்சுக்குள்ள காலு வெக்க மாட்டேம்மா. நீங்க என்ன பண்ணுவீங்களோ தெரியாது."

நான் நாத்தனாரிடம் போனேன். "கூடப்பொறந்தவன் நேர்ல வந்து, வாயத் தொறந்து அக்கான்னு கூப்புடட்டும் கண்ணு. அடுத்த நிமிசம் வர்றேன். கார்டு குடுத்து உட்டா வாறதுக்கு நான் என்ன மூணாம் மனுசியா?" என்றார். அது நியாயம். பெண் கொடுக்கிற வீட்டில் அத்தையை அப்பன்தான் போய் அழைக்க வேண்டும்.

இவரிடம் வந்தேன். "வரட்டும். யாரு தடுத்தா? ரோடு என்ன என்னோடதா?" என்றார்.

"ஏனுங்க, அக்கான்னு ஒரு வார்த்தை. சொன்னா மீசை உதிர்ந்துருமா?"

அவர் எழுந்து நாயிடம் பேசப் போய்விட்டார்.

இந்த லட்சணத்தில்தான் ஒத்திகை தொடங்கியது. மகதப் படைக்கு ஆள் முண்டியடித்துக்கொண்டு வந்தது. அட்டைக் கத்திக்கு ஜிகினாத் தாள் ஒட்டித் தருகிறார்கள், பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு வந்து திடலில் இறக்குகிறார்கள், யார் விடுவார்கள்? ஆனால் கலிங்கப் படைக்கு ஒருத்தன் வரவில்லை. காரணம், கலிங்கத்துக்காரன் என்றால் சாக வேண்டும். ஊர் நடுவே பொங்கலும் அதுவுமாகப் பிணமாய்ப் படுக்க எவனும் தயாராயில்லை. கோயிலுக்குப் போகிறவர், சர்ச்சுக்குப் போகிறவர் என்ற வித்தியாசமே இதில் இல்லை. மூன்று வருடமாகக் கமிட்டி தேடிய ஒற்றுமை கடைசியில் இந்த விஷயத்தில் கிடைத்துவிட்டது.

ஒருவர் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். ஒருவர் மனைவிக்கு மாசம். ஒருவர், "போன வாரந்தானுங்க இன்சூரன்ஸ் போட்டேன். இப்பப் போயி செத்தா நல்லாருக்குங்களா?" என்றார். இன்னொருவர் நெடுநேரம் யோசித்துவிட்டு இறங்கி வந்தார்: "டீச்சர், ஒரு கை போறதுன்னா போகட்டுமுங்க. நான் ஓரமா உக்காந்து அய்யோ அம்மான்னு கத்தறேன். உசுரு மட்டும் வேண்டாமுங்க."

"யோவ், ஒருத்தனும் சாகாட்டி அசோகர் எதைப் பார்த்துய்யா மனசு மாறுவாரு?" என்று நான் கத்தினேன்.

"நம்ம ரைட்டர் மாற வேண்டாமுங்க டீச்சர். இப்படியே இருக்கட்டும், நல்லாத்தான இருக்காரு?"

என் கணவருக்கு இந்த யோசனை மிகவும் பிடித்துப்போயிற்று. முதலிலிருந்தே அவருக்கு அசோகரின் முன்பாதி மட்டும்தான் பிடிக்கும். "கலிங்கத்துக்கு முன்னால ஆளு கெத்தா இருந்திருக்காரு. அப்புறம் என்னடான்னா ஊரு பூரா புத்தி சொல்லிக்கிட்டு, வாத்தியாராட்டமா ஆயிட்டாரு" என்றார். வாத்தியாரம்மாவுக்கு முன்னாலேயே சொன்னார். அழுகிற காட்சியை எடுத்துவிட்டுப் போரோடு முடித்து, அப்படியே பாயசம் கொடுத்துவிடலாம் என்றும் சொன்னார். நான் பேப்பரைச் சுருட்டி அவர் கிரீடத்தின்மேல் ஒன்று போட்டேன்.

மறுநாள் சாயங்காலம், காப்பிப் பறிப்பு முடிந்து வரும் பெண்கள் திடல் பக்கமாகப் போனார்கள். இடுப்பில் சாக்கு, தலையில் துண்டு, காலில் ரப்பர் செருப்பு. நான் முழங்காலில் முகத்தை வைத்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்து நின்றார்கள். அதில் மூத்தவரை ஊரே பெரியம்மா என்று கூப்பிடும். அவர்தான் கேட்டார்: "என்னங்க டீச்சர், சாவறதுக்கு ஆளு வேணுமாமே? படுத்துக்கிட்டே இருக்கோணுமா, எந்திரிச்சு எந்திரிச்சுச் சாவோணுமா?"

"படுத்தா போதும் பெரியம்மா. காட்சி முடியற வரைக்கும் அசையக் கூடாது."

"அடி ஆத்தே!" என்று அவர் திரும்பினார். "ஏ புள்ளைங்களா, காலையில இருந்து நின்னு நின்னு காலு மரத்துப்போச்சு. சும்மா படுக்கச் சொல்றாங்க, இதுக்குப் போயி இந்த ஆம்பளைங்க பயப்படறானுங்க!"

சிரிப்பு தாங்கவில்லை. வரிசையாகக் கை தூக்கினார்கள். நான் சாகறேன், நானுஞ் சாகறேன் என்று ஒரே போட்டி. கடைசியில், கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது: "என்னையுஞ் சேத்துக்க கண்ணு. நானுஞ் சாவறேன்."

என் நாத்தனார். மேடை ஓரத்தில் கத்தியைச் சுழற்றிப் பழகிக்கொண்டிருந்த அசோகர் கத்தியைக் கீழே போட்டார்.

பெரியம்மா தொண்டையைச் செருமினார். "ஆனா ஒண்ணுங்க டீச்சர். நாங்க சும்மா எந்திரிக்க மாட்டோம். நம்ம வழக்கம் தெரியுமல்ல?"

தெரியும். இங்கே காப்பிச் சரிவில் வழுக்கி விழாதவர்கள் கிடையாது. விழுந்தவர் தானாக எழுந்திருக்கக் கூடாது. பக்கத்திலிருப்பவர் முறை சொல்லிக் கூப்பிட்டு, கை கொடுத்துத் தூக்கிவிட வேண்டும். அக்கா எந்திரிங்க, சித்தி எந்திரிங்க என்று. அப்போதுதான் விழுந்த பயம் தெளியும், இல்லாவிட்டால் உடம்பிலேயே தங்கிவிடும் என்பார்கள். என்னைக்கூட ஒருமுறை ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "எந்திரிங்க டீச்சர்" என்று கூப்பிட்டுவிட்டு, டீச்சர் என்பது முறை ஆகாதே என்று யோசித்து, "எந்திரிங்க அத்தை" என்று திருத்திக் கூப்பிட்டுத் தூக்கிவிட்டிருக்கிறாள்.

"விழுந்தவிய கதையே இப்படின்னா, செத்தவியளுக்கு எப்படி?" என்றார் பெரியம்மா. "கொன்னவரே வந்து, ஒவ்வொருத்தரா மொறை சொல்லிக் கூப்புட்டு, கை குடுத்து எழுப்பி உடோணும். எல்லாருங் காணத்தான். இல்லீன்னா நாங்க மேடையிலயே கெடப்போம், சொல்லிப்புட்டேன்."

பேசும்போது பெரியம்மா என்னைப் பார்க்கவில்லை, ஓரக்கண்ணால் என் நாத்தனாரைப் பார்த்துக்கொண்டு பேசினார். என் நாத்தனார் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. வேறு எதுவும் கேட்காமல், சரி பெரியம்மா, அப்படியே எழுதிவிடுகிறேன் என்றேன்.

ஒத்திகையில் அசோகர் ஒவ்வொருவராக எழுப்பினார். "எந்திரிங்க பெரியம்மா. எந்திரிங்க மதினி. எந்திரி புள்ள." நாத்தனார் கிடந்த இடத்துக்கு வந்ததும், ஓரமாகச் சுற்றிக்கொண்டு அடுத்த பிணத்துக்குப் போய்விட்டார். எல்லோரும் எழுந்து, சாக்கை உதறி, வீட்டுக்குப் போன பிறகும் நாத்தனார் படுத்தே கிடந்தார். நான் போய், "எந்திரிங்க அண்ணி" என்று கை கொடுத்தேன். "கொன்னது நீயில்லையே கண்ணு. செரி, குளுருது, இன்னிக்கு எந்திரிக்கறேன்" என்றார். அடுத்த நாளும் அதே கதை. அதற்கடுத்த நாளும் அதே.

அன்று வீட்டுக்கு வந்ததும் எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. இத்தனை வருடமாக வகுப்பில் சொல்லாத ஒன்றை அவரிடம் சொன்னேன்.

"ஏனுங்க, கலிங்கத்துக்கு அப்புறம் அசோகர் தான் பட்ட வருத்தத்தைப் பாறையில வெட்டி வெச்சார்னு சொல்றேனே, எங்கெங்க வெட்டினார் தெரியுமா? வடக்க, மேற்க, எங்கெங்கயோ. கலிங்கத்துலயும் பாறையில கல்வெட்டு வெச்சார். ஆனா இந்த வருத்தப்பட்ட சங்கதி மட்டும் அந்தக் கல்லுல இல்லை."

அவர் துண்டால் முகம் துடைத்துக்கொண்டிருந்தவர், நிறுத்தினார். "ஏன் இல்லை?"

"ஏன்னு அவரைத்தான் கேக்கோணும். ஊரு உலகத்துக்கெல்லாம் சொன்னவரு, யாரு அடிபட்டாங்களோ அவங்ககிட்ட மட்டும் சொல்லலை. நீங்களும் அதே ரகந்தான். கொடிய வெட்டினது தப்புன்னு ஒண்டிக்கடை டீக்கடையில சொன்னீங்க. பஸ் கண்டக்டர்கிட்டச் சொன்னீங்க. சேலத்துல பல்லு டாக்டரை நிம்மதியாப் பல்லைப் புடுங்க விட்டீங்களா? அவருகிட்டயும் சொன்னீங்க. கரடியூர்ல முன்னபின்ன தெரியாத ஆளுகிட்டச் சொல்லி அழுதிருக்கீங்க, எனக்குச் சேதி வந்துச்சு. பக்கத்து ஊட்டுக்கு மட்டும் இன்னும் சேதி போகலை!"

அவர் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். "அவரு ராஜா. அவருக்கு எவ்வளவு கூச்சமா இருந்திருக்கும்" என்றார். அசோகருக்குப் பரிந்துகொண்டுதான் சொன்னார். ஆனால் குரல் கம்மியிருந்தது. நான் தட்டை எடுத்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். அந்த மனுஷனை மேலும் திட்ட எனக்கு மனசு வரவில்லை.

பொங்கலன்று மகள் வந்துவிட்டாள். சாயங்காலம் திடலில் முதல் வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். விடுதியில் தங்கியிருந்த டூரிஸ்டுகள் சிலர்கூடச் சத்தம் கேட்டு வந்து போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வெளிச்சம் போகத் தொடங்கியதும் பனி இறங்கி மேடைமேலேயே வந்து உட்கார்ந்தது. புகை எஃபெக்டுக்குக் கமிட்டி யோசித்திருந்த ஏற்பாட்டுக்கெல்லாம் வேலையே இல்லாமல் போயிற்று.

போர் அட்டகாசமாக நடந்தது. கலிங்கத்துப் படை ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாயும் போட்டுக்கொண்டு வந்தது. கழற்றச் சொன்னேன், செத்தாலும் கழற்ற மாட்டோம் என்றார்கள். சாகும் வேகத்தில் பெரியம்மா இரண்டு மகத வீரர்களையும் இழுத்துக்கொண்டு விழுந்தார். எல்லோரும் விழுந்ததும் அசோகர் நடுவே வந்து நின்றார். கிரீடம் பிஸ்கட் டப்பாத் தகடு, மின்னியது. "ஐயோ, என்ன காரியம் செய்தேன்!" என்று அவர் மைக்கில் கத்தியது கீழே சேலத்துக்கே கேட்டிருக்கும்.

பிறகு எழுப்பத் தொடங்கினார். பெரியம்மாவை எழுப்பினார், மதினியை எழுப்பினார், ஒவ்வொருவராக எழுந்து ஓரமாகப் போய் நின்றார்கள். கடைசியில் மேடையில் ஒரே ஒரு பிணம் கிடந்தது. அசோகர் அதன்பக்கம் போய் நின்றார். ஊரே எட்டிப் பார்த்தது. டூரிஸ்டுகளைத் தவிர அங்கே விஷயம் தெரியாதவர் யாரும் இல்லை.

"கலிங்கத்து மாதே, எழுந்திரு!" என்றார் அசோகர். நான் எழுதாத வசனம்.

பிணம் அசையவில்லை.

"தாயே, எழுந்தருள்க!"

ம்ஹூம்.

"மொறை சொல்லிக் கூப்புடுங்க ரைட்டரே!" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல். மாசமாயிருந்த மனைவியைக் காரணம் காட்டித் தப்பித்த ஆள்தான். பேச்சைப் பாருங்கள்.

அசோகருக்கு வியர்த்துக் கொட்டியது, அந்தக் குளிரில். அடுத்த வசனத்துக்குத் தாவித் தப்பிக்கப் பார்த்தார். "இன்று முதல் நான் சாலையெங்கும் மரம் நடுவேன்! நிழல் தரும் மரங்கள் நடுவேன்!"

கண்ணைத் திறக்காமலேயே பிணம் பேசியது. தலைமாட்டில் மைக் இருந்ததால் தெளிவாகவே கேட்டது.

"மரம் நட்டுட்டா ஆச்சா? கொடி வெச்சது யாருடா?"

திடல் வெடித்தது. ஓரத்தில் நின்ற கலிங்கத்துக்காரர்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். பெரியம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நானும் சிரித்தேன், சிரித்துக்கொண்டே முன் வரிசையைப் பார்த்தேன். என் மகள் சிரிக்கவில்லை. நாற்காலியின் நுனிக்கு வந்து, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவரும் அவளைப் பார்த்துவிட்டார்.

அவர் கிரீடத்தைக் கழற்றினார். எங்கே வைப்பதென்று தெரியாமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். அப்படியே மேடையில், அக்காவின் தலைமாட்டில், சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"அக்கா" என்றார்.

சிரிப்பு நின்றுவிட்டது.

"அக்கா, எந்திரிக்கா. கொடிய வெட்டுனது தப்புக்கா. வெட்டுன அன்னிக்கே தெரியும். உங்கிட்ட வந்து நிக்க மூஞ்சியில்லை. பாப்பா கல்யாணத்துக்கு வாக்கா. நீ வராட்டி எனக்கு யாரு இருக்கா?"

அது நாடகத்தில் இல்லை. டூரிஸ்டுகள் வசனம் நன்றாக இருக்கிறது என்று கை தட்டத் தொடங்கினார்கள். பெரியம்மா திரும்பி ஒரு பார்வை பார்த்தார், நிறுத்திவிட்டார்கள்.

என் நாத்தனார் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "கை குடுடா. முட்டி புடிச்சுக்கிச்சு" என்றார். அவர் கை கொடுத்தார். எழுந்து நின்றதும் நாத்தனார் முதலில் செய்த காரியம், ஓங்கித் தம்பியின் முதுகில் ஒரு அறை. அந்தச் சத்தமும் மைக்கில் கேட்டது. அப்புறம் குரங்குக் குல்லாயைக் கழற்றி அதிலேயே மூக்கைச் சிந்தினார். என் மகள் மேடைமேல் ஏறிவிட்டாள். அதற்குப் பிறகு இலங்கைக்கு யாரும் போகவில்லை, கல்வெட்டும் வெட்டவில்லை. கமிட்டித் தலைவர் வந்து, "இதோட நாடகம் முடிஞ்சுதுங்க, பாயசம் இருக்குது" என்று அறிவித்துவிட்டார். அசோகரின் ஆட்சியில் பின்பாதி முழுவதும் போயிற்று. எழுதியவள் என்ற முறையில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

மறுநாள் காலை என் கணவர் வேட்டி கட்டி, தட்டில் வெற்றிலை பாக்கு பழத்தோடு வேலியைச் சுற்றி வாசல் வழியாகவே போய் அக்காவை முறைப்படி அழைத்துவிட்டு வந்தார். வந்ததும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனார். நான் நாத்தனார் வீட்டில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியாக அவர் குழி தோண்டுவது தெரிந்தது.

"அண்ணி, ஒண்ணு கேக்கட்டுங்களா? பெரியம்மாவுக்கு அந்த யோசனைய நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க?"

"நான் ஏன் சொல்றேன்? அது வழக்கமல்ல?" என்று டம்ளரை வாங்கிக்கொண்டார். உதட்டோரம் சிரிப்பு ஒளிந்திருந்தது.

"ஒருவேளை அவர் கூப்பிடாமயே போயிருந்தா? அத்தனை பேரு முன்னால?"

அவர் டம்ளரைக் கழுவினார். கழுவிய டம்ளரை இன்னொரு தரம் கழுவினார்.

"கெடந்திருப்பேன் கண்ணு. மூணு வருசமா அப்படித்தான கெடந்தேன். அது உங்க யாரு கண்ணுக்கும் தெரியல. மேடையில படுத்தாத்தான் தெரியும்னு படுத்தேன்."

ஒவ்வொரு நாளும் அந்த வேலியைத் தாண்டித்தான் பஸ்ஸுக்குப் போய் வந்திருக்கிறேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஈரமாக, சில்லென்று இருந்தது.

அவர் என் கையை விடாமலேயே ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்துக் கத்தினார்: "ஏண்டா, தை மாசத்துல எவனாச்சும் மொளகுக் கொடி வெப்பானா? மழை புடிக்கட்டும்டா, ஆனியில நான் வந்து வெக்கறேன்!"

"செரிக்கா" என்று வெளியே இருந்து சத்தம் வந்தது. எதிர்ச்சரிவில் யாரோ கூடையைக் கீழே போட்டிருப்பார்கள்.